முதலாளி கேட்ட மந்திரம்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

செவிலிமேட்டில் சாமியாருக்குத் தியான மண்டபம் கட்டிக் கொடுத்தவர் எங்கள் பட்டுக்கடை முதலாளி. கடையில் சேலை விற்கும் எங்களையெல்லாம் வேன் வைத்து அனுப்பி உபதேசம் வாங்க வைத்தவரும் அவர்தான். போன வாரம் சாமி என் காதில் ஒரு சொல்லைச் சொன்னார். பெற்ற தாயிடம்கூடச் சொல்லக்கூடாது என்றார்.

இன்று மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், முதலாளி என்னை மாடிக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சாமி உன் காதுல இன்னாமா சொன்னாரு?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னாரு சார்."

"நான் வெளியாளா? எனக்கு அவரு இன்னும் சொல்லவே இல்லமா. பக்குவம் வரலன்னு சொல்லிக்கினே இருக்காரு."

நான் வாயைத் திறக்கிறேனா என்று சாமிதான் இவரை விட்டுச் சோதிக்கிறாரோ? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டாலும் போகலாம். "மறந்துட்டேன் சார்" என்று இறங்கி வந்துவிட்டேன். அவர் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஒருவேளை நிஜமாகவே அவருக்குத் தெரியாது என்றால், வெள்ளிதோறும் மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டே இருக்கிறாரே, எதைத்தான் சொல்கிறார்?