கதவில் மாட்டிய பை

ஜூன் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் உடனே போன் போடுவாய். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போனில் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிப் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

உன் நிவாரண அமைப்பின் லாரி நேற்று வந்தது. அரிசி, பருப்பு மூட்டைகளோடு உன் அலுவலகத் தாளும் வந்தது. பை வாங்குகிறவர்களை முகம் தெரியும்படி படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் அடுத்த மாதச் சரக்கு சந்தேகமாம். கீழே உன் கையெழுத்து, "திட்ட அலுவலர்" என்று. பெற்ற அப்பனுக்குத் தனியாக ஒரு வரி இல்லை.

நம் தெருவில் எப்படிக் கொடுக்கிறோம் என்று உனக்குத் தெரியும். பையைத் தாழ்ப்பாளில் மாட்டிக் கதவைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். நோய் ஒட்டக்கூடாது என்று தொடங்கியதுதான். இப்போது அது மட்டும் காரணமில்லை. கடைசி வீட்டுத் தையல்காரம்மா எங்கள் செருப்புச் சத்தம் அடங்கிய பிறகுதான் கதவைத் திறக்கிறார். உனக்குப் பள்ளிச் சீருடை தைத்தவர். யார் வீட்டிலும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்காதவர். அவரைப் பையோடு நிற்கவைத்துப் படம் எடுக்க என்னால் முடியாது.

கதவில் தொங்கும் பையைப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அது போதும்.

அப்பா


ஜூன் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

லாரி டிரைவர் அண்ணன் கடிதத்தைக் கொடுத்தார். "உங்கப்பாகிட்ட பேசி ஜெயிக்க முடியாதும்மா. தெருவுல சும்மாவா வக்கீல்னு கூப்பிடறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் படத்தைக் கூட்டத்தில் காட்டினேன். நன்கொடை தருகிறவர்களில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கதவு நல்லாருக்கு. ஆளு எங்கங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்பா. முறைத்துக்கொண்டால் அவர் பணம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

வேலை போன குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை வேண்டும் என்று அரசிடம் மனு கொடுத்திருக்கிறோம். அங்கேயும் இதே கேள்விதான். காலையிலிருந்து யாரிடமாவது கெஞ்சுகிறேன். வீட்டுக்கு வந்தால் உங்களிடமும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அலுப்பாக இருக்கிறது.

எங்கள் படக்காரர் வருவார். கொஞ்சம் ஒத்துழையுங்கள்.

கிடங்கு மூடியதிலிருந்து உங்களுக்கும் வேலை இல்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? ஏதாவது அனுப்பட்டுமா என்றால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள்.

உங்கள் மகள்


ஜூன் 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் படக்காரர் வந்தார். வழி காட்டச் சொன்னார். நான் காட்டவில்லை. அவராகவே தையல்காரம்மா வீட்டுக்குப் போய்ப் பையை மாட்டித் தட்டினார். தட்டிவிட்டுக் கேமராவோடு அங்கேயே நின்றார்.

"அம்மா, ஒரே நிமிஷம். பையப் பிடிச்சுக்கிட்டு இப்படிப் பாருங்க, போதும்."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "தப்பான வீட்டுக்கு வந்துட்டீங்க. இங்க யாரும் எதுவும் கேக்கல."

கதவு திறக்கவில்லை. அவர் போன பிறகும் திறக்கவில்லை. மறுநாள் பையில் எறும்பு ஏறியிருந்தது. நான் வேறு பை கொண்டுபோய் மாட்டினேன். அதையும் தொடவில்லை. உன் கூட்டத்தில் சிரித்தவர்களிடம் இதைச் சொல்.

உங்களுக்கு வேண்டியது ஒரு முகம்தானே? சலூன்காரரைக் கூப்பிட்டு, பை கொடுக்கிற மாதிரி நிற்கச் சொன்னேன். வாங்குகிறவன் நான். "வக்கீலய்யா, கொஞ்சம் பாவமா நில்லுங்க. வட்டி வசூல் பண்ண வந்த மாதிரி நிக்கிறீங்களே" என்றார். காலமெல்லாம் மூட்டை தூக்கிய கை, அதற்கு ஏந்த வரவில்லை. தெருப் பையன் ஒருவன் திரும்பத் திரும்ப எடுத்து ஒருவழியாகச் சரியாக வந்தது.

படம் இதோடு இருக்கிறது. உன் அப்பன் என்று யாரிடமும் சொல்லாதே. இனிமேல் ஒரு கேமரா இந்தத் தெருவுக்குள் வரக்கூடாது.

அப்பா


ஜூன் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தப் படம் போதும் என்றார்கள். மழைக்காலம் முடியும்வரை உங்கள் தெருவுக்குச் சரக்கு உண்டு. மனுவோடும் அதை இணைத்தோம். என்னைக் கேட்காமல் போஸ்டரும் அடித்துவிட்டார்கள். அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். இனிப் படக்காரர் யாரும் வரமாட்டார்கள். எழுதி வாங்கிவிட்டேன்.

"யாருங்க இந்தப் பெரியவர்?" என்று கேட்டார்கள். நீங்கள் சொன்னபடி, தெரியாது என்றேன். அப்புறம் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

வெறும் நடிப்பு என்பதுபோல எழுதினீர்கள். சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நிற்பதும் நடிப்பா? வாட்ச் முழங்கை வரை சரிந்திருக்கிறதே, அதுவும் நடிப்பா? உங்கள் கதவில் யார் பை மாட்டுகிறார்கள், அப்பா?

உங்கள் மகள்


ஜூலை 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

யாரும் மாட்டவில்லை. ஊருக்கு மாட்டுகிறவன் தன் கதவிலேயே மாட்டிக்கொள்வானா? கேட்கிற கேள்வியைப் பார்.

போஸ்டர் இங்கேயும் வந்துவிட்டது. சலூன் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். சலூன்காரர் கிண்டல் செய்வார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவரோ அதில் இருக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்களும் நின்று பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கிழிக்கவும் தோன்றவில்லை. மழை கிழிக்கட்டும்.

புதுச் சரக்கு வந்ததும் வழக்கம்போல மாட்டினோம். கடைசி வீட்டிலும் மாட்டிவிட்டு வந்தேன். இந்தத் தடவை தையல்காரம்மா எடுத்துக்கொண்டார். அப்பாடா என்று வந்து உட்கார்ந்தேன்.

மத்தியானம் என் கதவு தட்டப்பட்டது. "யாரு?" என்றேன். ஒரு காலை இழுத்து நடக்கிற செருப்புச் சத்தம் மட்டும் தெருக்கோடிப் பக்கமாகப் போனது. தையல் மெஷின் மிதித்தே அப்படி ஆன கால் இந்தத் தெருவில் ஒருவருக்குத்தான்.

சீருடைத் துணியில் தைத்த பை. உள்ளே அரிசியில் கொஞ்சம், பருப்பில் கொஞ்சம். சோப்பைக் கூடப் பாதியாக வெட்டி வைத்திருந்தார்.

கோபம்தான் வந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் எழுந்தேன். ஆனால் பாப்பா, நான் உடனே கதவைத் திறக்கவில்லை. அந்தச் சத்தம் அடங்கட்டும் என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அடங்கிய பிறகுதான் திறந்து எடுத்தேன். அன்று சோறு வடித்தேன்.

நீ ஏதோ அனுப்புகிறேன் என்றாயே, அனுப்பு. டிரைவரிடம் சொல், என் கையில் கொடுக்க வேண்டாம். கதவில் மாட்டித் தட்டிவிட்டுப் போகட்டும்.

நோய்க்காக மூடிய பாதையெல்லாம் திறந்து நீ என்றைக்கு வந்தாலும், நீ மட்டும் அப்படிப் போய்விடாதே. தட்டிவிட்டு நில். திறக்கிறேன்.

அப்பா