ஐந்துக்கு ஐந்து

7 ஒக்டோபர் 1990, ஞாயிறு

இன்றும் தோற்றோம். ‘தோற்றோம்’ என்று எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. எனக்கும் ஐஸ் ஹொக்கிக்கும் என்ன? இவர் இந்த அணி ஆடும் பனித்தள றிங்கின் குளிரூட்டி இயந்திரங்களைப் பார்க்கிறவர். தண்டனைப் பெட்டியின் கதவைத் திறந்து மூட ஆளில்லை என்று பயிற்சியாளர் பீற்றர் சொல்ல, “என்ரை மனுசி கணிதப் பட்டதாரி, ரெண்டு நிமிசம் எண்ணமாட்டாவோ?” என்று என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

குற்றம் செய்தவன் இரண்டு நிமிடம் என் பக்கத்தில் இருக்கவேண்டும். அதுவரை நம்மவர் நான்கு பேர், அவர்கள் ஐந்து பேர். முன்பல் இல்லாத டெரிக் அடிக்கடி வருவான். “ஸொறி, மிசிஸ் ராஜா” என்றபடி வியர்வை நாற்றத்தோடு வந்து குந்துவான்.

வீட்டில் இவருடைய தங்கை கலாவதி குடும்பத்தோடு சேர்த்து ஏழு பேர். சண்டை திரும்பத் தொடங்கியதும் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவர்கள். கதவைத் திறந்ததுமே கலாவதி, “என்ன அண்ணி, உங்கடை குத்துச்சண்டைக்காரர் வெண்டவையோ?”

11 நவம்பர்

ஒன்றைக் கவனித்துக்கொண்டு வருகிறேன். நம்மவர் ஒருவன் பெட்டிக்குள் இருந்தால் மற்ற நால்வரும் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். யார் எங்கே நிற்பது என்று எல்லோருக்கும் தெரிகிறது. கோல் விழுவதில்லை. எதிரணியில் ஆள் குறைந்தாலும் நன்றாக அடிக்கிறார்கள். பெட்டி வெறுமையாய், ஐந்துக்கு ஐந்து நிற்கும்போதுதான் எல்லாம் குலைகிறது. ஒருவன் கொடுப்பதை மற்றவன் எதிர்பார்ப்பதேயில்லை.

பீற்றரிடம் சொன்னேன். ஆள் குறைந்தபோது என்ன செய்வது என்று கிழமைதோறும் பயிற்சி கொடுக்கிறாராம். “ஐந்துக்கு ஐந்துக்கு?” என்று கேட்டேன்.

“அது சும்மா விளையாடுவதுதானே, மிசிஸ் ராஜா.”

போட்டியில் முக்கால்வாசி அந்தச் சும்மாதான்.

24 நவம்பர், சனி

கலாவதிக்கு டூட்டிங்கில் கவுன்சிலின் வாடகை வீடு கிடைத்து இன்று போய்விட்டார்கள். இதற்காக நாங்கள் இருவரும் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினோம்! நான் பேச, இவர் சரியான நேரத்தில் சரியான கடதாசியை நீட்டுவார். எண்பத்துமூன்று கலவரத்தில் வெள்ளவத்தையில் பின்மதிலேறிக் குதித்தபோதும் இப்படித்தான். யார் எதை எடுப்பது என்று ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

குளியலறையில் இரண்டே இரண்டு பல்தூரிகைகள்.

2 டிசம்பர்

“உப்புக் காணுமோ?”

“காணும்.”

இன்று முழுவதும் பேசியது இவ்வளவுதான். கோபமில்லை. கோபமென்றாலும் பரவாயில்லை.

16 டிசம்பர்

கடைசி ஐந்து நிமிடம். டெரிக் காரணமேயில்லாமல் ஒருவனைத் தடியால் இடறிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஏனடா என்று கேட்டேன். “நான் இங்கே இருந்தால்தான் அவர்கள் ஒழுங்காக ஆடுகிறார்கள்” என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது இவர் சொன்னார்: “எங்கடை ஊர்ப் பத்மநாதன்ரை மருமகன் வாறானாம். இடமில்லையாம். இஞ்சை வைச்சிருப்பமே?” எத்தனை நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம்.

டெரிக் நினைவுக்கு வந்தான்.

“வேண்டாமப்பா,” என்றேன். “கொஞ்ச நாள் நாங்கள் ரெண்டு பேரும் இருந்து பாப்பம்.”

“ரெண்டு பேருமோ?” என்றார். எதற்கு என்று கேட்பதுபோல இருந்தது.

25 டிசம்பர்

இருந்து பார்த்தோம். சேர்ந்து நடக்கலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். எங்கள் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. இவர் முன்னால், நான் பின்னால். திரும்பி வரும்போது இவர் பின்னால், நான் முன்னால்.

13 ஜனவரி 1991

மனோர் பார்க் பக்கம் குளிர்க்களஞ்சியம் ஒன்றில் வேலை எடுத்திருக்கிறார். இரவு ஷிப்ட். “தூரமப்பா. அங்கை ஒரு அறை எடுத்திருக்கிறன். கோயிலும் கிட்ட.”

கோயிலாம்! எப்ப போனவர் கோயிலுக்கு?

“லீவிலை வருவீங்களோ?”

“பாப்பம். உமக்கு ஏதும் அவசரமெண்டால் உடனை போன் பண்ணும், என்ன?”

அவசரம் இல்லாட்டில்? அவசரம் இல்லாட்டில் நான் ஆர் உங்களுக்கு? கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. சூட்கேசின் மற்றப் பிடியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனனான். அதையும் சேர்ந்து நல்லாத்தான் செய்தம்.

8 பெப்ரவரி

பனி. வாசலைத் திறக்க ஏலாது. வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்று, எல்லாம் விறைத்துப்போனது. போன் பண்ணினேன்.

பாதி ரெயில்கள் ஓடவில்லை. எப்படி வந்தாரோ, பின்னேரம் முழங்கால்வரை நனைந்து வந்து நின்றார். நான் டோர்ச் பிடித்தேன். அவர் திரும்பிப் பாராமல் கையை நீட்ட, வேண்டிய ஸ்பானரை வைத்தேன். “இன்னும் கொஞ்சம் கீழை... ஆ, அதுதான்.” கரி பட்ட என் மூக்கைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கடவுளே, எவ்வளவு சிரித்தோம்!

நீலச் சுடர் பற்றியது. இருவரும் எழுந்து நின்றோம். சுவர் மணிக்கூட்டின் சத்தம் கேட்டது.

“இனி நிக்காது.”

“தேத்தண்ணி போடட்டே?”

“இருக்கிற ரெயிலும் நிண்டுபோகும்.”

3 மார்ச்

தோல்வி.

17 மார்ச்

கடைசிப் போட்டி. கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது இன்றோடு உறுதி. கடைசிப் பகுதி முழுவதும் ஒருவரும் குற்றம் செய்யவில்லை, டெரிக் கூட. ஐந்துக்கு ஐந்து, மிகவும் மரியாதையாக ஆடி, நான்கு கோல் வாங்கினார்கள். நான் மூடிய கதவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

போகும்போது பீற்றர் கேட்டார்: “இனிமேல் சும்மா விளையாடத்தான் பழக்கப்போகிறேன். அடுத்த வருடமும் கதவுக்கு வருவீர்களா?” ஓம் என்றேன். “ராஜா எப்படி இருக்கிறார்?” அதற்கும் ஓம் என்றுதான் சொன்னேன் போலிருக்கிறது.

வீடு நல்ல சூடு. பொயிலர் ஒழுங்காக எரிகிறது. நின்றுவிட்டதோ என்று இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்த்தேன்.