புதுப் பெட்டியின் நெடி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் உன் மனைவி பக்கத்தில் படுத்திருக்கிறாள். காய்ச்சல் இன்னும் விடவில்லை, காது மட்டும் பாம்புக் காது. அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நீயும் தனியாக இருந்து படி.

நம் சுண்டெலி கண் திறந்துவிட்டாள். மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம். வலப்பக்கம்தான் படுப்பாள், நர்ஸ் மாற்றிப் படுக்கவைத்தால் முகத்தைச் சுளிப்பாள். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டரை இங்கே பெட்டி என்றுதான் சொல்கிறார்கள். அவள் பிறந்த அன்று புதுப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. சில நாள் அதைக் காலியாகவே சூடேற்றி, கதவுகளைத் திறந்து ஓடவிட வேண்டும், புது வாசனை போகட்டும் என்றாள் நர்ஸ். நான் விட்டேனா? கீறல் விழுந்த பழைய பெட்டியில் என் தம்பி மகளைப் போடுவதா என்று மல்லுக்கு நின்றேன். நீயும் போனில் டாக்டரைக் கெஞ்சினாய். பிளாஸ்டிக் உறை பிரித்த கையோடு அவளை அதில் படுக்கவைத்தார்கள். வார்டு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

இப்போது கையை உள்ளே விடும் வட்டச் சன்னலைத் திறந்தாலே வெதுவெதுப்பாக ஒரு நெடி முகத்தில் அடிக்கிறது. கை கழுவினாலும் போவதில்லை. நர்ஸ் மெத்தையை மாற்றிப் பார்த்தாள், குறையவில்லை. டாக்டர் திரையைக் காட்டினார்: சூடு சரி, ஈரம் சரி, ஆக்சிஜன் சரி. நெடியைக் காட்ட அதில் எதுவும் இல்லை. பிறகு அவரே குனிந்து முகர்ந்தார். "என்ன நெடின்னு எனக்கும் தெரியலம்மா" என்றார்.

நேற்றிலிருந்து அவள் முகம் சுளிப்பதில்லை. எந்தப் பக்கம் போட்டாலும் அப்படியே கிடக்கிறாள். பக்கத்துப் பழைய பெட்டியில் இருக்கும் பயல் வார்டே அதிரக் கத்துகிறான்.

அந்த நெடி எனக்குப் புதிதல்ல, தம்பி. லீவில் வரும்போது உன் சட்டைகளில் அடிப்பது அதேதான். உன் கம்பெனியில் கார் சீட்டுக்குப் பசை போட்டு ரெக்சின் ஒட்டும் கூடத்துக்குள் மாஸ்க் இல்லாமல் போனால் மேஸ்திரி வெளியே தள்ளுவார் என்று நீதானே சொன்னாய்? இவள் அதற்குள்ளேயே மூச்சு விடுகிறாள்.

அந்தப் பயல் இன்று மதியம் வீட்டுக்குப் போகிறான். அவன் பெட்டி காலியாகிறது. மாற்றும்போது குழந்தையின் உடம்பு குளிர்ந்துவிடும் ஆபத்தும் உண்டாம். சோர்வுக்கு நெடிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லவும் டாக்டரால் முடியவில்லை. தகப்பன் சம்மதித்தால் மாற்றுகிறேன் என்கிறார். அந்தப் பெட்டிக்கு வேறு குழந்தையும் காத்திருக்கிறது.

உடனே அவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லப்பா. ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டினேன் என்று எனக்குப் பெயர் வரட்டும். உன் மகள் நூறு வயது இருந்து, எங்கள் அத்தை ஒரு பைத்தியம் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கட்டும்.

உன் போனுக்காகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும்,
அக்கா