டீயோடு வந்த மாத்திரை

வீரபாண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். ரத்த வாந்தி எடுத்தவளுக்கு என்ன நலம் என்று நீ முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஆனாலும் நலம்தான். போனில் பேசினால் நீ அழுதுவிடுகிறாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன், அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார். வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய். வர மாட்டேன். கோபித்துக்கொள்ளாமல் முழுதும் படி.

என் ஈரல் இறுகிப்போயிருக்கிறது என்று போன வருஷமே சொல்லிவிட்டார்கள், சர்க்கரையும் கொழுப்பும் செய்த வேலை. உன் வெள்ளகோவில் அத்தை மட்டும் குடிக்காம ஈரல் கெடுமாக்கும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்கிறாளாம். கேட்கட்டும், அவள் வாய்தான் வலிக்கும். டாக்டர் அப்போதே என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சொன்னேன், பனியன் கம்பெனியில் தருகிற வலி மாத்திரையைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை கண்ணு, நினைவுக்கே வரவில்லை. சரக்கு அனுப்புகிற ஷிப்மெண்ட் வாரத்தில் நாலு மணி டீ வரும்போது சூப்பர்வைசர் பிரதீப் நூல் வெட்டுகிற ட்ரிம்மரால் மாத்திரை அட்டையை வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்துக்கொண்டே போவான். தோள்வலி தெரியாமல் எட்டு மணி வரை, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஓடும். டீ, பன், மாத்திரை எல்லாம் எங்களுக்கு ஒன்றுதான். டீ குடிக்கிறேன் என்று டாக்டரிடம் யாராவது சொல்வார்களா? பன்னைத் தின்றுவிட்டுப் போட்டால் வயிற்றை ஒன்றும் செய்யாது என்றும் நம்பினோம்.

ஒரு வாரம் தார் மாதிரிக் கறுப்பாக வெளிக்குப் போனது, அதையும் கவனிக்காமல் விட்டுவிட்டேன், அது என் தப்பு. பிறகு ரத்த வாந்தி. அப்போதுதான் டாக்டரிடம் அந்த வலி மாத்திரையைச் சொன்னேன். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சொன்னார், இறுகின ஈரலுக்குள் ரத்தம் போக வழியில்லாமல் பின்னால் முட்டி நிற்கிறதாம். அந்த அழுத்தத்தில் இரைப்பையின் உள்தோல் வீங்கி நொய்ந்துபோயிருக்கிறதாம், மற்றவர்கள் வயிறு தாங்குகிற மாத்திரையை அது தாங்காமல் புண்ணாகி ரத்தம் கசியுமாம். சாப்பிட்ட பிறகுதானே போட்டேன் என்றேன். முன்னால போட்டாலும் பின்னால போட்டாலும் உங்க வயித்துக்கு அது ஆகாதும்மா என்றார். கனம் தூக்கக் கூடாது என்றார், இனி எந்த மாத்திரையையும் தன்னைக் கேட்காமல் போடக் கூடாது என்றார். வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. நீ டாக்டருக்கு மேல் டாக்டர் ஆகாதே.

நான் வேலைக்குத் திரும்பின பிறகு, இந்த வெள்ளிக்கிழமை மறுபடி ஷிப்மெண்ட். பிரதீப் என்னிடமும் நீட்டினான். வேண்டாம் என்றேன். எல்லாருந்தான் போடறாங்க, உங்களுக்கு மட்டும் என்னங்க்கா, லைன் நின்னா நான் என்னங்க பண்றது என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன். ஈரல் கெட்டவிங்க யாராச்சும் இருந்தா இதெத் தொடாதீங்க, நான் ரத்தம் கக்கிட்டு வந்து சொல்றனுங்க என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து மெஷின் சின்னத்தாய், விளாத்திகுளத்துக்காரி, வாயில் போட்டதை அப்படியே துப்பினாள். எனக்கும் ஈரல் வீக்கம்னு சொன்னாகளே, இத ஒருத்தரும் சொல்லலையே என்று அழுதாள். பதினோரு பேர் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைக்கு டார்கெட் எட்டவில்லை. மேனேஜர் கூப்பிட்டு, உடம்பு சரியில்லாதவங்க இனி வர வேண்டாம் என்றார். உடம்பு சரியில்லைன்னு நீங்க சொல்லக் கூடாதுங்க, என் டாக்டர் சொல்லோணுமுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரிடம் வேலை செய்யலாம் என்று எழுதி வாங்கிவிட்டேன். சின்னத்தாயையும் அவரிடம் காட்டியாயிற்று.

அப்பாவுக்கு இதில் பயம்தான், ஆனால் சோறு வடித்து வைக்கிறேன் போ என்கிறார். நீ எந்த டாக்டரிடம் போனாலும் தலைவலிக்குக் கடையில் வாங்கிப் போடுவதையும் சேர்த்துச் சொல்லு, மறக்காதே. சென்னிமலை முருகன் உன்னையும் மாப்பிள்ளையையும் குறைவில்லாமல் வைக்கட்டும். நாளை காலை எட்டரைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, அந்தப் பதினோரு பேரோடு கம்பெனி கேட்டுக்குள் போகிறேன். அந்த நேரத்தில் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

உன் அம்மா
சித்ராதேவி
ஓவர்லாக் டெய்லர்