வேகம் குறையவில்லை

1998 மார்ச் 2, திங்கள்

காலையில் குளிர், பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். ஸ்வெட்டரைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு இன்ஸ்டிட்யூட். டீ அறையில் ஒரே கூச்சல். அமெரிக்காவில் அறிவித்துவிட்டார்களாம். தூரத்து நட்சத்திர வெடிப்புகள் இருக்கவேண்டியதைவிட மங்கல். அப்படியென்றால் நினைத்ததைவிடத் தொலைவில். பிரபஞ்சம் விரியும் வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

படி இறங்கும்போதுதான் உறைத்தது. அந்த வேகம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் என் ஆய்வேடு. ரேடியோ காலக்ஸிகளை அளந்து அளந்து நாலு வருஷம். குறைகிறதா என்று நான் கேட்டதே இல்லை. யாருமே கேட்கவில்லை.

வீட்டிலிருந்து போன். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது.

மார்ச் 4, புதன்

சார் மேஜையில் அந்தக் கட்டுரையின் பிரிண்ட். பக்கமெல்லாம் பென்சில் கோடு. "தப்பாகவும் இருக்கலாம், தேவி. பொறுத்துப் பார்ப்போம்" என்றார் ஆங்கிலத்தில். என் கைடு. மாணவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். இன்று ஜன்னலைப் பார்த்தார்.

சாயங்காலம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல். ஃபேக்டரியில் ரிடையர் ஆன பிறகும் பீடியை விடவில்லை. மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டு முழுக்க இந்தியில் சொல்லிவிட்டார், பொண்ணு டாக்டர் ஆகப்போகிறாள் என்று. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி தன் மாத்திரைச் சீட்டை என்னிடம் நீட்டினாள். நான் அந்த டாக்டர் இல்லை என்றேன். நம்பவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வாங்கியது: பிளாஸ்க், துண்டு, அம்மாவுக்குச் செருப்பு. வார் அறுந்ததோடு இரண்டு நாளாக நடக்கிறாள்.

ஆறாவது அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூடத் திருத்தவில்லை.

மார்ச் 9, திங்கள்

இன்னொரு குழுவுக்கும் அதே விடை. தனியாக அளந்தவர்கள்.

சார்: "நாலாவது அத்தியாயம் முதல் எல்லாவற்றையும் எடுத்துவிடு. இப்படியே கொடுத்தால் எக்ஸாமினரின் முதல் கேள்வியே இதுதான்."

"எடுத்தா மிச்சம் என்ன சார் இருக்கும்?"

கண்ணாடியைத் துடைத்தார். "முன்னுரை நன்றாக வந்திருக்கிறது."

ஃபெலோஷிப் ஜூனோடு முடிகிறது. நீட்டிக்கக் கேட்டுப் பார்க்கிறாராம். உறுதி இல்லையாம். விஷ்ராந்த்வாடியில் எங்கள் காலனி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், சீட் காலியாக இருந்தும்.

மார்ச் 10, செவ்வாய்

மத்தியானம் அப்பா கொஞ்சம் தெளிவு. "எப்போம்மா குடுக்கப்போறே?" ஏப்ரல் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நாலு வருசம் பண்ணது?"

"தேறாதுப்பா."

"கணக்குல தப்பு வுட்டுட்டியா?"

"கணக்கு சரிதான். ஆரம்பத்துல எடுத்துக்கிட்டதே தப்பு."

அப்பா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

வராந்தாவில் அம்மா: "இன்னிக்கேதான் சொல்லணுமாடி? காலனி பூரா சொல்லி வெச்சிக்கிறாரு அந்த மனுசன். அவ்ளோதான், ஹோ கயா, எல்லாம் முடிஞ்சுது." கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

அப்பா பேசவில்லை. கஞ்சி இரண்டு ஸ்பூன். ஆக்ஸிஜனைக் கூட்டினார்கள். நான் பக்கத்தில் ஸ்டூலில். நானும் பேசவில்லை. ஐந்து மணிக்கு அம்மா வந்ததும் கிளம்பிவிட்டேன். வழியில் ஹோலிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் போய்விட்டார். நான் போய்ச் சேருமுன். ஹோலி என்று பஸ் இல்லை, ரிக்‌ஷாக்காரன் எவனும் வரச் சம்மதிக்கவில்லை. நடந்தேன். தெருமுனையில் யாரோ சாயம் கலந்த பச்சை நீரை வீசினார்கள், கையெல்லாம் பச்சை. அந்தக் கையோடுதான் அப்பாவைத் தொட்டேன். அம்மா என் கையைப் பார்த்தாள்.

மார்ச் 16, திங்கள்

வெயில். சாமியானாவைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் ஆட்கள் குறைந்தாயிற்று. சாரிடமிருந்து போன். எடுக்கவில்லை.

மத்தியானம் முனுசாமி மாமா. அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தார், குடிக்கவில்லை.

"வியாழக்கெழம சாயங்காலம் போயி பாத்தேம்மா. நீ அப்பதான் போனியாம், உங்கம்மா மருந்து வாங்கப் போயிருந்தாங்க. மூச்சு வுட முடியல, ஆனா பேசினே இருந்தாரு. எல்லாம் உன்னப் பத்திதான்."

"இன்னா சொன்னாரு?" அம்மா கேட்டாள்.

"'தேவி கணக்கு கரெக்டுதான்டா முனுசாமி, ஆகாசந்தான் மாறிப்பூடுச்சு, அதுக்கு அவ இன்னா பண்ணுவா'ன்னாரு. நெசமாம்மா? ஆகாசமே மாறிப்பூடுச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

ஆமாம் மாமா என்றேன்.

மாறவில்லை. பல நூறு கோடி வருஷமாக அது அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களுக்குத்தான் இப்போது தெரிந்தது. இதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை ஐந்து மணி வரை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.