மெஷின் கிளிசரின்

சிவகாசி
14.8.2025

மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அடுக்களைக்கும் உங்கள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது, அதற்குப் போய்க் கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை. நான் அறைக்குள் வந்தாலே நீங்களும் கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்துக்கொள்கிறீர்கள்.

இரண்டு நாளாகக் கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. இடுப்பு ஆபரேஷனுக்குக் கொடுத்த வலி மாத்திரை வயிற்றைக் கட்டிவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். அதற்காகத்தான் பின்வழியாக வைக்கிற கிளிசரின் மருந்தையும் எழுதிக் கொடுத்தார். அது ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் மகன் காலண்டர் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்க ஒடிசா போய்விட்டார். சீசன் முடியாமல் வரமாட்டார். சாத்தூரில் உங்கள் மகள் தஸ்லிமா மைனி நிறைமாதமாக இருக்கிறார். வீட்டில் நான்தான் இருக்கிறேன். நான் வைத்துவிடுகிறேன் மாமா. எனக்கு ஒரு சிரமமும் இல்லை. நீங்கள் எனக்குப் பெற்ற அத்தா மாதிரி.

டீயை ஆறவிடாமல் குடியுங்கள்.

சுமைரா

14.8.2025, அஸர் தொழுகைக்குப் பிறகு

மருமகள் சுமைராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். தங்கள் கடிதம் டீ கிளாஸுக்கு அடியில் கிடைத்தது. ஆயுசு முழுக்க காலண்டர் வியாபாரிகளுக்கே எழுதிப் பழகியவன், மருமகளுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் 'தங்கள்' போட்டுவிட்டேன். அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

நேற்று நீ கடைக்குப் போன நேரத்தில் வாக்கரைப் பிடித்து ஃபிரிட்ஜ் வரை போய் அந்த மருந்தில் ஒன்றை எடுத்து வந்தேன். இடுப்பை வளைக்க முடியவில்லை. கை எட்டவில்லை. கையிலேயே உருகி விரிப்பெல்லாம் ஒட்டிவிட்டது. நீ வந்து பேசாமல் விரிப்பை மாற்றினாய். ஏன் என்று கேட்டிருந்தால் எரிந்து விழுந்தாவது இருப்பேன். நீ கேட்கவில்லை. நான் கூனிக் குறுகிப் போனேன்.

நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று எழுதப்போகிறாய். அது எனக்கும் தெரியும். மவுத்தாகிப் போன உன் மாமியாருக்கு முன்னால்கூட நான் பனியன் இல்லாமல் உட்கார்ந்ததில்லை. வேண்டாம்மா.

முகம்மது நூகு

15.8.2025

மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலுகை பற்றித்தான் எழுத வந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

டாக்டரிடம் போனில் மறுபடி கேட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான் வைக்க வேண்டுமாம். தண்ணீரில் நனைத்து, ஆபரேஷன் ஆகாத பக்கமாகப் படுக்கவைத்து, காலுக்கு நடுவே தலையணை கொடுத்து வைக்க வேண்டும். கால் மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தால் போதும். வாயில் போடவே கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது, ரத்தம் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு அவரைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் மாமா. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

என்னிடம் கூச்சம் என்றால் கம்பவுண்டர் பாண்டிமுருகனை வரச் சொல்லட்டுமா? ஆம்பிளை ஆள், நமக்குத் தெரிந்தவர்.

சுமைரா

17.8.2025

சுமைராவுக்கு,

பாண்டிமுருகன் காலையில் செய்ததைச் சாயங்காலம் டீக்கடையில் சொல்லிவிடுவான். பள்ளிவாசலில் என்னைப் பார்க்கிறவர்கள் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள்.

விஷயம் தானாகவே சரியாகிவிட்டது. இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். ஒடிசாவில் இருக்கிற நவ்ஷாத் காதுக்கும் போகக் கூடாது.

மு. நூகு

சிவகாசி
20.8.2025

மாமா அவர்களுக்கு,

விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு வருகிற உங்கள் மருமகன் ஜாபர் அண்ணனிடம் கஞ்சியோடு இதைக் கொடுத்துவிடுகிறேன். கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் அச்சகத்து மெஷின்மேன் அய்யாதுரை காலையில் வந்து வாசலிலேயே நின்று அழுதார். "பித்தவெடிப்புக்குத் தடவ கிளிசரின் வேணும்னு மொதலாளி கேட்டாக. நானும் கேன்லருந்து ஊத்திக் கொடுத்தேன். குடிப்பாகன்னு கண்டேனா தாயி" என்றார். அவரை என்ன சொல்லித் தேற்றுவது?

பட்டாசு லேபிள் அடிக்கிற மெஷினில் தண்ணீரோடு கலக்கிற சரக்கை டீயில் ஊற்றிக் குடித்திருக்கிறீர்கள். அது மருந்துக் கிளிசரின் இல்லை, அதில் வேறு விஷம் கலந்திருந்தால் கிட்னியே போய்விடும் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். சர்க்கரை வேறு உங்களுக்கு. வாந்தி எடுத்துத் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தபோதும், என்ன குடித்தீர்கள் என்று கேட்டால் "ஒன்னுமில்லே, நீ போ" என்றுதான் சொன்னீர்கள். கட்டிலுக்கு அடியில் அந்தப் பாட்டிலை நான் பார்க்காமல் இருந்திருந்தால்?

உயிரைவிடவா மாமா அந்தக் கூச்சம் பெரியது?

சுமைரா

விருதுநகர்
21.8.2025

சுமைராவுக்கு,

கிட்னி தப்பித்துவிட்டது என்று இன்று சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ். அய்யாதுரையிடம் தப்பு என்னுடையது என்று சொல். நானும் போனில் சொல்கிறேன்.

பெயர் ஒன்றுதானே, கீழே வைத்தால் கேட்கிறது வாய்வழியாகப் போனாலும் கேட்கும் என்று கணக்குப் போட்டேன். நாக்கில் இனிப்பாகத்தான் இருந்தது.

இங்கே வார்டு பையன் ஒருவன் வந்து, மறைப்புக்கூட இல்லாமல், அந்த மருந்தை வைத்துவிட்டுப் போனான். பக்கத்துக் கட்டில்காரர் இட்லி தின்றுகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன் முகத்தைப் பார்ப்பதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. என் பொய்யை நம்பி நீ நிம்மதியாக இருந்தாய். நான் இந்தக் காரியம் செய்து ஊரைக் கூட்டிவிட்டேன்.

சாத்தூர்ப் பக்கம் வயதானவர்களுக்கு இல்லம் ஒன்று இருக்கிறதாம். எல்லாம் செய்ய ஆம்பிளை ஆள் உண்டாம். விசாரிக்கும்படி ஜாபரிடம் சொல்லியிருக்கிறேன். நீ மறுக்காதே.

முகம்மது நூகு

சிவகாசி
22.8.2025

மாமா,

உங்கள் பொய்யை நான் நம்பவில்லை.

அந்தக் கடிதம் வந்த அன்றைக்கும் கஞ்சி அப்படியே இருந்தது. சரியாகவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. தெரிந்தும் அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஒரு சிரமமும் இல்லை என்று எழுதினேனே, நீங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள் என்று தெரிந்தே எழுதினேன். நல்ல மருமகள் என்ற பெயரும் கிடைக்கும், அந்த வேலையும் செய்ய வேண்டியிருக்காது. விரிப்பை மாற்றியபோது பேசாமல் இருந்தது பெருந்தன்மை இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் வெளியே போகப் பார்த்தேன்.

நீங்கள் ஆம்புலன்ஸில் போனபோது, இந்த மனுஷன் என் அருவருப்பால் சாகப்போகிறார் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது மாமா.

இல்லத்துக்குப் போகாதீர்கள். நான் செய்கிறேன். அருவருப்பு இருக்கும், அது இல்லை என்று இனி எழுதமாட்டேன். கையுறை வாங்கிவைத்திருக்கிறேன்.

சுமைரா

விருதுநகர்
23.8.2025

சுமைராவுக்கு,

ஜாபர் டீ வாங்கப் போன நேரத்தில் உன் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர் "வலிக்குதா பாய்" என்று கேட்டார்.

சிரமமே இல்லை என்று நீ எழுதியபோது எனக்குக் கூச்சம் கூடிக்கொண்டேதான் போனது. இவ்வளவு நல்ல பிள்ளைக்கு முன்னால் நான் மட்டும்தான் அசிங்கம் என்று தோன்றியது. உனக்கும் அருவருப்பு உண்டு, வெட்கம் உண்டு என்று தெரிந்த பிறகு மூச்சு விட முடிகிறது. உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அந்தப் பொய்யை வாங்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

இல்லத்து விசாரணை வேண்டாம் என்று ஜாபரிடம் சொல்லிவிட்டேன். நாளை மதியம் வீட்டுக்கு விடுகிறார்கள். வலி மாத்திரை இன்னும் சில நாள் உண்டு. அதனால் அந்த மருந்தும் வேண்டியிருக்கும்.

மறுநாள் காலையில் வா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் போய்விடு. அதற்குப் பிறகு வாக்கரைப் பிடித்து நானே போய்க்கொள்வேன்.

பெற்ற மகளிடம்கூட இதை நான் கேட்டிருக்க மாட்டேன். உன்னிடம் கேட்கிறேன்.

உன் மாமா
முகம்மது நூகு