அம்மாவுக்குத் தொண்ணூற்றொரு வயது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது அல்லவா.

எண்பது தாண்டியவர்களுக்கு ஸ்கேனில் முதல் இடம். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி கவுண்டரில் உட்கார்ந்து அம்மாவின் வயதைத் தொண்ணூற்றொன்று என்று தட்டினேன். நீ எழுதிய மென்பொருள் எதையும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது. "என்னைக் கிழவியாக்கிட்டீங்களே" என்று அம்மா சிரித்தாள். அதனால் அன்றைய கடைசி இடத்தை இழந்த ஒரு தையல்காரம்மாவுக்கு மறு தேதி கிடைக்க மூன்று வாரமானது. அதற்குள் கட்டி வளர்ந்துவிட்டதாம். அவர் கடை இருக்கும் தெரு வழியாக நான் இப்போது போவதில்லை.

மென்பொருளில் ஓட்டை வைத்தவள் என்று விசாரணையில் உன்னைத்தான் பிடித்தார்கள். "பத்தாவது படிச்சவன் சார், கம்ப்யூட்டரே விட்டுச்சு" என்று அதிகாரியிடம் இழுத்தேன்.

"கம்ப்யூட்டருக்குத் தெரியாது, சரி. உங்க பொண்டாட்டி வயசு உங்களுக்குமா தெரியாது?" என்றார்.

முப்பது வருஷம் குடும்பம் நடத்திய நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இன்று உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓட்டை உன்னுடையது, கை என்னுடையது. என் வேலை போகலாம், வழக்கும் வரலாம். அம்மாவின் வயதை ஐம்பத்தாறு என்று திருத்திவிட்டேன். அடுத்த ஸ்கேனுக்கு அவள் வரிசையில்தான் காத்திருப்பாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
தொண்ணூற்றொரு வயதுக்காரியின் கணவன்,
உன் அப்பா